சேலம் மாடியும் ஏற்காட்டு மலையும்: 6 இஞ்ச் ரிஃப்ளெக்டர்ல டீப் ஸ்கை போட்டோ எடுக்க எந்த ஆக்சசரி உழைச்சுது

டெலஸ்கோப் வாங்கின கையோட எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி தான், "அண்ணா, எந்த ஃபில்டர் வாங்கலாம்?" ஃபில்டர கடைசியா பாத்துக்கலாம்ங்க. கண்ணாடியில பட்டு வர்ற வெளிச்சம் ஃபோகசர் (ஃபோகஸ் பிடிக்க உள்ள வெளிய நகர்ற சின்ன குழாய்) வழியா வெளிய வந்து கேமரா சென்சார்ல விழுது பாருங்க, அந்த கடைசி ஒரு சாண் தூரத்துல என்ன நடக்குதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க, காசு அங்க தான் போகணும். நான் சொல்றது எல்லாம் சில சீசன் ஓட்டிப் பாத்துட்டு சொல்றது, அன்பாக்சிங் ரிவியூ இல்ல.

என்கிட்ட இருக்குறது 150 மில்லிமீட்டர் கண்ணாடி, 750 மில்லிமீட்டர் ஃபோகல் லென்த், ஃபோகல் லென்த்த கண்ணாடி விட்டத்தால வகுத்தா 5, அதாவது எஃப்/5 நியூட்டோனியன் ரக ரிஃப்ளெக்டர். ஸ்கோப்ப தாங்கி வானத்தோட சேத்து திருப்புற ஈக்யூ5 கிளாஸ் மவுண்ட், ரெண்டு அச்சுக்கும் மோட்டார் போட்டது. கேமரா கேனன் 1300டி, உள்ள எதையும் கழட்டாம கடையில வந்தபடியே இருக்கு. வீடு கன்னங்குறிச்சி பக்கம், அதனால சாதாரண நாள்ல மொட்டை மாடி, லீவு கிடைச்சு வானமும் சரியா இருந்தா ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமா ஒருத்தர் காப்பித் தோட்டம் வெச்சிருக்காரு, அங்க காப்பி உலர்த்துற களம் இருக்கு, சுத்தமான சிமெண்ட் தரை, சில்வர் ஓக் மரம் கொஞ்சம் தள்ளி, அதுதான் நம்ம அப்சர்வேட்டரி.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்னு போய் ஸ்கோப்ப வெக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. லேடீஸ் சீட்ல நின்னா கீழ சேலம் மொத்தமும் ஜொலிக்கும், பாக்க அழகு தான், ஆனா நமக்கு எது எதிரியோ அது பூரா அங்க கண்ணு முன்னாடி இருக்கும். மலைக்கு வடக்கு, கிழக்குப் பக்கம் போனா தான் இருட்டு. போறதுக்கு முன்னாடி இடத்துக்காரங்ககிட்ட சொல்லிட்டு போங்க, காட்டெருமை நடமாட்டம் இருக்குற ஊரு, ராத்திரி தனியா வேண்டாம்.

சரி விஷயத்துக்கு வருவோம். ரிஃப்ளெக்டர் வாங்கி கேமரா மாட்டின பாதி பேருக்கு மொத ராத்திரி ஃபோகஸே வராது. கண்ணு வெச்சுப் பாக்குற ஐபீஸ் லென்ஸ் போட்டா நிலா பளிச்சுனு தெரியுது, கேமரா மாட்டினா வெள்ளை வட்டம் தான். ஸ்கோப் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. கணக்கு இதுதான்: கேனன் இஎஃப் மவுண்ட்ல கேமரா வாய்ல இருந்து சென்சார் 44 மில்லிமீட்டர் உள்ள இருக்கு, மேல கேமராவ ஸ்கோப்போட சேக்குற டி-ரிங் வளையம் ஒரு 11, கூட்டினா 55. அதுக்கும் மேல ஃபோகசருக்குள்ள நுழையுற மூக்கு அடாப்டர் ஒன்னு. ஐபீஸ்ல ஃபோகஸ் விழுற இடம் கிட்டத்தட்ட ஃபோகசர் வாய்க்கிட்டயே இருக்கும், கேமராவுக்கு அது 55 மில்லிமீட்டருக்கு மேல வெளிய வேணும். அப்ப ஃபோகசர் அவ்வளவு உள்ள போகணும், கண்ணுல பாக்குறதுக்குன்னு செஞ்ச ஸ்கோப்ல அவ்வளவு உள்ள போற இடமே இருக்காது.

கடையில இதுக்கு சொல்ற மருந்து பார்லோ, படத்த பெருசாக்குற லென்ஸ். 2எக்ஸ் பார்லோ போட்டா ஃபோகஸ் வந்துடும், உண்மை தான். ஆனா எஃப்/5 ஸ்கோப் எஃப்/10 ஆயிடும், அதே வெளிச்சம் வாங்க நாலு மடங்கு நேரம் வேணும், ஃப்ரேம்ல தெரியுற வானமும் கால்வாசி ஆயிடும், மவுண்ட்ல இருக்குற ஒவ்வொரு குலுக்கலும் ரெண்டு மடங்கா தெரியும். நிலா, வியாழன், சனி எடுக்க பார்லோ அருமை, நெபுலாவுக்கு (வானத்துல இருக்குற வாயு, தூசி மேகம்) வேண்டவே வேண்டாம்.

சரியான வழி மூணு இருக்கு. போட்டோவுக்குன்னே செஞ்ச நியூட்டோனியன் வாங்குறது, அதுல மெயின் கண்ணாடிய குழாய்ல கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க, ஸ்கைவாட்ச்சர் 130 பிடிஎஸ், 150 பிடிஎஸ் எல்லாம் அந்த ரகம். இல்லன்னா உயரம் கம்மியான லோ புரொஃபைல் ஃபோகசர் மாத்துறது. இல்லன்னா கண்ணாடி செல்லுக்கு நீளமான போல்ட் போட்டு நாமளே கண்ணாடிய முன்னாடி தள்றது, இதுல வெளிச்சத்த ஃபோகசர் பக்கம் திருப்பி விடுற செகண்டரி கண்ணாடி சின்னதா இருந்தா ஓரத்து வெளிச்சம் கொஞ்சம் விட்டுப் போகும், அதை தெரிஞ்சுக்கிட்டு செய்யணும். பழைய ஸ்கோப் வாங்கப் போறீங்கன்னா கேமராவ கையோட எடுத்துட்டுப் போங்க, லென்ஸ கழட்டிட்டு டி-ரிங்கோட ஃபோகசர் வாய்ல வெச்சுப் பிடிச்சு நிலாவ பாருங்க. ஃபோகசர் முழுசா உள்ள போறதுக்கு முன்னாடியே ஷார்ப்பா வந்து, அதுக்கு மேல உள்ள போக கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தா தைரியமா வாங்கலாம்.

ஃபோகசர் 2 இஞ்சா 1.25 இஞ்சான்னு கண்டிப்பா பாருங்க. 1.25ல டிஎஸ்எல்ஆர் மாட்டினா மூலை நாலும் இருட்டா வரும், அதவிட பெரிய தொல்லை அந்த பிளாஸ்டிக் ஃபோகசர் கேமரா வெயிட்டுக்கு தொங்குறது. தொங்கினா ஃப்ரேம்ல ஒரு பக்கம் ஷார்ப்பு, இன்னொரு பக்கம் மொழுக்குனு இருக்கும், எந்த சாஃப்ட்வேரும் அத சரி பண்ணாது.

ஐபீஸ் கிட் பத்தி ஒரு வரி: போட்டோ தான் ஆசைன்னா வேண்டாம், கூட வர்ற 25 மில்லிமீட்டரே போதும்.

அடுத்து காலிமேஷன், அதாவது ரெண்டு கண்ணாடியையும் நேர் பண்றது. இத நான் ஆக்சசரி லிஸ்ட்ல முதல் இடத்துல வெப்பேன். அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கார் பின் சீட்ல ஸ்கோப் எவ்வளவு மெத்தை மேல படுத்திருந்தாலும் மேல போய் பாத்தா கண்ணாடி கொஞ்சமாச்சும் நகர்ந்திருக்கும். எஃப்/8 ஸ்கோப்ல அது தெரியாது, எஃப்/5ல உடனே தெரியும், ஸ்டார் எல்லாம் ஒரு பக்கமா வால் முளைச்ச மாதிரி இருக்கும்.

லேசர் காலிமேட்டர், துளை வழியா கண்ணால பாத்து நேர் பண்ற செஷயர், ரெண்டுமே பயன்படுத்திப் பாத்துட்டேன். லேசர் வேகம், இருட்டுலயும் பண்ணலாம், ஆனா விலை கம்மியான லேசர் பலதும் தானே காலிமேஷன்ல இருக்காது. வாங்கின உடனே இத செஞ்சு பாருங்க: ரெண்டு இடத்துல ரெண்டு ரெண்டு ஆணிய வி மாதிரி அடிச்சு ஒரு பலகை, அதுல லேசர படுக்க வெச்சு அஞ்சாறு மீட்டர் தள்ளி இருக்குற சுவத்துல புள்ளி விழ வெச்சு மெதுவா உருட்டுங்க. புள்ளி ஒரே இடத்துல நின்னா நல்லது, வட்டம் போட்டா லேசர் கோணல். பக்கவாட்டுல சின்ன அலன் ஸ்க்ரூ மூணு ரப்பர் அடைப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அத திருகி வட்டத்த புள்ளியாக்கிட்டு அப்புறம் தான் ஸ்கோப் பக்கம் போகணும். வளைஞ்ச லேசர நம்பி கண்ணாடிய திருப்புனா நல்லா இருந்த ஸ்கோப்பும் கெட்டுடும்.

என் கையில இப்ப நிரந்தரமா இருக்குறது குறுக்குக் கம்பி வெச்ச செஷயர் தான். பேட்டரி இல்ல, கெட்டுப் போக ஒன்னும் இல்ல. வெளிச்சம் இருக்கும்போதே மலைக்கு போய் சேர்ந்து, ஸ்கோப்ப வெளிய வெச்சு, மெயின் கண்ணாடி நடுவுல ஒட்டியிருக்குற வளையத்த குறுக்குக் கம்பிக்கு நேரா கொண்டு வந்துட்டா பாதி ராத்திரி மிச்சம். எஃப்/5ல செகண்டரி கண்ணாடி நிழல் நடு சென்டர்ல உக்காராது, கொஞ்சம் மெயின் கண்ணாடி பக்கமா தள்ளி தான் தெரியும், அது அப்படித்தான் இருக்கணும், அத நடுவுக்கு கொண்டு வரேன்னு இழுக்காதீங்க. இன்னொன்னு, லாக் ஸ்க்ரூவ முறுக்கித் தள்ளாதீங்க. கண்ணாடிய பிடிச்சிருக்குற கிளிப்பும் இறுகக் கூடாது, இறுகினா ஸ்டார் முக்கோணமா வரும், பேப்பர் ஒன்னு கிளிப்புக்கு அடியில லேசா நுழையுற அளவு இருக்கட்டும்.

இப்ப கோமா கரெக்டர். நான் நிறைய பேசப் போறது இதப் பத்தி தான்.

பேரபோலா கண்ணாடி நடு அச்சுல வர்ற ஸ்டார மட்டும் தான் சுத்தமான புள்ளியா குவிக்கும். நடுவ விட்டு விலக விலக ஸ்டார் வால்நட்சத்திரம் மாதிரி விரியும், இதத் தான் கோமான்னு சொல்றது, அது கண்ணாடியோட குறை இல்ல, அந்த வடிவத்தோட இயல்பு. ஃபோகல் ரேஷியோ சின்னதா ஆக ஆக மோசமாகும். எஃப்/5ல நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் வட்டம் தான் உண்மையிலேயே சுத்தம், நம்ம ஏபிஎஸ்-சி சென்சார் மூலைக்கு மூலை 27 மில்லிமீட்டருக்கு கிட்ட. மிச்சமெல்லாம் கோமா தான். ஓரியன் நெபுலா எடுக்கும்போது நடுவுல இருக்குற ட்ரபீசியம் ஸ்டார் கூட்டம் அருமையா இருக்கும், ஓரத்துல இருக்குற ஸ்டார் எல்லாம் நடுவப் பாத்து பறக்குற பட்டாம்பூச்சி மாதிரி வரும். ஓரத்த கிராப் பண்ணிடலாம்ங்கிறவங்க பண்ணிக்கலாம், ஆனா ரோசெட் நெபுலா ஒரு டிகிரிக்கு மேல இருக்கு, நம்ம ஃப்ரேம் மொத்தமே 1.7 டிகிரிக்கு 1.1 டிகிரி தான், கிராப் பண்ண எங்க இடம்?

காவலூர் போயிருப்பீங்க சில பேர், ஜவ்வாது மலையில, வாணியம்பாடி வழியா. அங்க 1986ல திறந்த வைணு பாப்பு டெலஸ்கோப் 2.3 மீட்டர் கண்ணாடி, அதுல பிரைம் ஃபோகஸ் (மெயின் கண்ணாடி நேரா குவிக்குற இடம்) எஃப்/3.25. நம்ம ஸ்கோப்புக்கு இருக்குற அதே இயற்பியல் தான் அதுக்கும். எவ்வளவு பெரிய கண்ணாடியா இருந்தாலும் பிரைம் ஃபோகஸ்ல அகலமா எடுக்கணும்னா நடுவுல லென்ஸ் வெச்சு திருத்தணும், இது நம்ம பட்ஜெட் ஸ்கோப்போட பலவீனம்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

கோமாவ திருத்துற கரெக்டர் லென்ஸ்ல ரகம் பல இருக்கு. பாடர் எம்பிசிசி மார்க் 3, ஸ்கைவாட்ச்சரோட 0.9எக்ஸ் இது ரெண்டுக்கும் பேக் ஃபோகஸ் (கரெக்டர்ல இருந்து சென்சார் வரைக்கும் வேண்டிய தூரம்) 55 மில்லிமீட்டர், அதாவது கேனன் கேமராவும் சரியான டி-ரிங்கும் மாட்டினா தானாவே தூரம் அமைஞ்சிடும், யோசிக்க வேண்டிய வேலை இல்ல. ஸ்கைவாட்ச்சர்ல 750 ஃபோகல் லென்த் 675 ஆகும், எஃப்/4.5, அகலமும் வேகமும் கொஞ்சம் கூடும். விலை கம்மியா கிடைக்குறது ஜிஎஸ்ஓ ரகம், நான் வெச்சிருக்குறது அதுதான். லென்ஸ் தரம் விலைக்கு ரொம்பவே நல்லது, ஆனா அது கேக்குற தூரம் 75 மில்லிமீட்டர் சுத்துப்பட்டு. கேமராவும் டி-ரிங்கும் 55 தான் குடுக்கும். மிச்ச 20 மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்பேசர் வேணும், பெட்டியில அது வராது. நிறைய பேர் இத மாட்டிட்டு "கரெக்டர் போட்டும் கோமா போகல"ன்னு திட்டுறது இதனால தான்.

ஸ்பேசர ஆன்லைன்ல வாங்கலாம், நான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசு டை வேலை எடுக்குற ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கினேன். இங்க விவரமா சொல்றேன், யாராவது பண்ணணும்னா உதவும். டி-திரெட்ங்கிறது 42 மில்லிமீட்டர் விட்டம், 0.75 பிட்ச். பழைய கேமரா லென்ஸ்ல வர்ற 42 மரை 1 மில்லி பிட்ச், ரெண்டும் பாக்க ஒன்னு தான், ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் கடிச்சுக்கிட்டு நிக்கும், அலுமினியம்னா மரை போயிடும். பட்டறை அண்ணன் மொதல்ல 1 மில்லியில தான் போடப் போனாரு, "தம்பி, மெல்லிசு குழாய்க்கு இவ்வளவு பொடி மரையா, நிக்காதுப்பா"ன்னாரு. டி-ரிங்க கையில குடுத்து, "அண்ணா, இது மேல இது ஏறணும், வேற ஒன்னும் வேண்டாம்"னேன். பிட்ச் கேஜ வெச்சுப் பாத்துட்டு, டீ குடிச்சுட்டு வந்து, கியர மாத்திப் போட்டுட்டு ஒரு துண்டு ராடுல சாம்பிள் மரை போட்டாரு. பொருந்தினதும் தான் நம்ம துண்ட எடுத்தாரு.

அவர்கிட்ட நான் கேட்டது ரெண்டு விஷயம். ஒன்னு, முகம் ரெண்டும் பாரலலா இருக்கணும், அதுக்கு முடிஞ்ச வரைக்கும் ஒரே பிடியில கடையணும், கழட்டி திருப்பிப் பிடிச்சா கோணல் வந்துடும். ஸ்பேசர் நூறுல ரெண்டு மூணு பங்கு மில்லி கோணலா இருந்தா பரவால்ல, அதுக்கு மேல போனா ஒரு மூலை ஸ்டார் மட்டும் நீளும். ரெண்டாவது, உள்பக்கம் வழவழன்னு விடாம பொடி மரை மாதிரி கோடு இழுக்கச் சொன்னேன். அவரு பாலிஷ் பண்ணி பளபளன்னு குடுக்கணும்னு நின்னாரு, வெள்ளி வேலை பாத்த கை பாருங்க. அந்த பளபளப்பு தான் நமக்கு ஆகாது, பக்கத்துல சிரியஸ் மாதிரி பெரிய ஸ்டார் இருந்தா குழாய்க்குள்ள வெளிச்சம் பிரதிபலிச்சு ஃப்ரேம்ல வெள்ளையா பிறை விழும். கோடு இழுத்து மேட் கருப்பு பெயிண்ட் அடிச்சேன், போதும்.

20 மில்லின்னு சொன்னது தொடக்கம் தான், ஸ்கோப்புக்கு ஸ்கோப் கொஞ்சம் முன்ன பின்ன போகும். அதனால 19.5ல கடைஞ்சுக்கிட்டு அரை மில்லி ஷிம் வளையங்கள் சில வெட்டி வெச்சுக்கிட்டா நல்லது. நிலா இல்லாத ராத்திரி, நடுவானத்துல ஸ்டார் நெருக்கமா இருக்குற இடமா பாத்து, ஷிம் ஒவ்வொன்னா சேத்து ஒரே எக்ஸ்போஷர்ல படம் எடுத்து நாலு மூலையையும் 100 சதவீதம் பெருசாக்கி பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாலு மூலையும் ஒரே மாதிரி கெட்டிருந்தா தூரம் சரியில்ல. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தா தூரத்த தொடாதீங்க, அது ஃபோகசர் தொங்கலோ டி-ரிங் ஆட்டமோ தான். மலிவு டி-ரிங்ல மூணு சின்ன ஸ்க்ரூ பக்கவாட்டுல இருக்கும், அது தளர்ந்தா உள் வளையம் ஆடும், மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ முறுக்கிக்கோங்க.

ஃபில்டர் எங்க மாட்டுறதுங்கிறதும் இதோட சேர்ந்த விஷயம். கரெக்டர் மூக்குல 2 இஞ்ச் ஃபில்டர் மரை இருக்கும், அதுல மாட்டினா கரெக்டருக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்குற தூரம் மாறாது. கரெக்டருக்கு பின்னாடி மாட்டினா கண்ணாடி கனத்துல மூணுல ஒரு பங்கு கூடுதலா தூரம் சேக்கணும், 2 மில்லி ஃபில்டர்னா 0.7 மில்லி. சின்னது தான், ஆனா ஷிம் போட்டு சரி பண்ணி வெச்சத கெடுக்க அது போதும்.

பாடினோவ் மாஸ்க் பத்தி சொல்ல ஒன்னும் பெருசா இல்ல, விலை கம்மி, பலன் அதிகம், வாங்கிடுங்க. இல்லன்னா அக்ரிலிக் லேசர் கட்டிங் பண்ற கடையில ஸ்கோப் வாய் அளவு குடுத்து வெட்டிக்கலாம், டிசைன் நெட்ல ஓசியிலயே கிடைக்கும். பிரகாசமான ஸ்டார் மேல ஸ்கோப்ப நிறுத்தி மாஸ்க் போட்டா மூணு கோடு வரும், நடுக்கோடு மத்த ரெண்டோட எக்ஸுக்கு நட்டநடுவுல வந்தா ஃபோகஸ் சரி. தை, மாசியில சிரியஸ் வசதி, தெக்க பாத்தா அகத்தியர் நட்சத்திரம், அதாங்க கனோபஸ், அதுவும் நல்லா இருக்கும். முடிஞ்சதும் மாஸ்க்க எடுக்க மறக்காதீங்க. முக்கியமா, ஏழு மணிக்கு வெச்ச ஃபோகஸ் பதினோரு மணிக்கு இருக்காது, ஏற்காட்டுல வெப்பம் இறங்க இறங்க இரும்புக் குழாய் சுருங்கும், எஃப்/5ல ஃபோகஸ் பிடிக்குற ஆழம் மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாஸ்க் போட்டுப் பாத்துடணும்.

பனி. சேலத்துக்காரங்களுக்கு மாடியில இது பெருசா தெரியாது, மலைக்குப் போனா தான் தெரியும். 1500 மீட்டர் உயரம், ராத்திரி ஒன்பதுக்கு மேல களத்து சிமெண்ட்டே நனைஞ்சு கிடக்கும். ரிஃப்ளெக்டர்ல மெயின் கண்ணாடி குழாயோட அடியில இருக்குறதால அதுல பனி பிடிக்குறது அபூர்வம், மேல வானத்த பாத்துட்டு உக்காந்திருக்குற செகண்டரி கண்ணாடி தான் மொதல்ல போகும். கொடுமை என்னன்னா அது சட்டுனு தெரியாது, படம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வரும், மேகம் போகுதுன்னு நினைச்சுக்கிட்டு எடுத்துக்கிட்டே இருப்போம், பெரிய ஸ்டார் சுத்தி மூட்டமா ஒளிவட்டம் வந்தா எழுந்து போய் டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஸ்கோப் வாய்ல மாட்டுற நீளமான டியூ ஷீல்டு (பனி மறைப்பு) பாதி வேலைய முடிக்கும். கருப்பு ஈவிஏ ஃபோம் ஷீட், குழாய் விட்டத்துக்கு ஒன்றரை மடங்கு நீளம், வெல்க்ரோ ஒட்டி சுருட்டி மாட்டினா போதும். இது மாடியில இன்னொரு வேலையும் செய்யும், எதிர் வீட்டு எல்ஈடி தெருவிளக்கு வெளிச்சம் நேரா ஃபோகசர் வாய்க்கு எதிர்ச் சுவத்துல அடிக்குறத தடுக்கும், எனக்கு பேக்கிரவுண்ட் கிரேடியண்ட் (படத்துல ஒரு பக்கம் மட்டும் வானம் வெளுக்குறது) குறைஞ்சதுல ஃபில்டர விட இந்த ஃபோம் ஷீட்டுக்கு பங்கு ஜாஸ்தி. அதோட செகண்டரி முதுகுல ஒட்டுற சின்ன ஹீட்டர் பட்டை, 12 வோல்ட்டுல ஓடும், ரொம்ப கொஞ்சமா சூடு வெச்சா போதும், ஜாஸ்தி வெச்சா குழாய்க்குள்ள சூட்டுக் காத்து சுழன்று ஸ்டார் கொழகொழன்னு ஆகும். வயர செகண்டரிய தாங்குற ஸ்பைடர் கால் ஒட்டியே கொண்டு வாங்க, குறுக்க போனா பெரிய ஸ்டாருக்கெல்லாம் ஒரு கூடுதல் கீற்று முளைக்கும். ஹேர் டிரையர் வேலை செய்யும், ஆனா அஞ்சு நிமிஷத்துல திரும்ப பிடிச்சுக்கும், அது அவசரத்துக்கு மட்டும்.

குழாய் அடிப்பக்கமும் பாருங்க. கண்ணாடிக்கு பின்னாடி இருக்குற இடைவெளி வழியா வெளிச்சம் உள்ள வரும், ஸ்கோப் வானத்த பாக்கும்போது அடிப்பக்கம் லேப்டாப்ப பாத்துட்டு இருக்கும். ஸ்கோப் ஆறினதுக்கு அப்புறம் கருப்புத் துணி ஒன்ன கட்டிவிட்டா போதும்.

இப்ப ஃபில்டருக்கு வரலாம். எமிஷன் நெபுலா குறிப்பிட்ட அலைநீளத்துல மட்டும் ஒளிரும், எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜன் சிவப்பு) 656.3 நானோமீட்டர், ஓ-3 (ஆக்சிஜன்) 500.7. டூயல் நேரோபேண்ட் ஃபில்டர் இத மட்டும் விட்டுட்டு மத்தத அடைக்கும். அதனால ஓரியன், ரோசெட், லகூன், தெக்க ஈட்டா கரீனா நெபுலா இதுக்கெல்லாம் சேலம் மாடியில இருந்து பாத்தா மந்திரம் மாதிரி வேலை செய்யும். ஆன்ட்ரோமெடா கேலக்ஸி, ஒமேகா சென்டாரி, பிளையடிஸ் இதெல்லாம் ஸ்டார் வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது, அங்க அதே ஃபில்டர் நமக்கு வேண்டிய வெளிச்சத்தையும் சேத்து அடைச்சிடும். மஞ்சள் சோடியம் விளக்கு காலத்துல 589 நானோமீட்டர்ல வெட்டினாலே பாதி பிரச்சனை தீர்ந்துச்சு, சிஎல்எஸ் மாதிரி ஊர் வெளிச்சத்த வெட்டுற ஃபில்டர் எல்லாம் அந்த காலத்துக்கு அருமை. இப்ப தெரு பூரா வெள்ளை எல்ஈடி, அது நிறமாலை முழுக்க பரவிக் கிடக்கு, சிஎல்எஸ் போட்டு பெருசா வித்தியாசம் எதிர்பாக்காதீங்க.

இன்னொரு விஷயம், உள்ள எதையும் கழட்டி மாத்தாத டிஎஸ்எல்ஆர்ல சென்சாருக்கு முன்னாடி இருக்குற ஒரிஜினல் ஃபில்டரே எச்-ஆல்ஃபா சிவப்புல பெரும்பங்க வடிகட்டிடும். அதுக்கு மேல விலை ஜாஸ்தியான டூயல் பேண்ட் போட்டா உள்ள வர்ற கொஞ்சநஞ்சம் சிவப்புக்காக அஞ்சு நிமிஷம் எக்ஸ்போஷர் குடுக்கணும், அதுக்கு கைடிங் (ஒரு ஸ்டார பாத்துக்கிட்டே மவுண்ட்ட திருத்துறது) வேணும், கைடிங்குக்கு சின்ன ஸ்கோப்பும் கேமராவும் வேணும், செலவு சங்கிலி மாதிரி இழுத்துக்கிட்டே போகும். மாத்தாத கேமராவுக்கு ஒரே ஃபில்டர் தான் வாங்குவேன்னா அந்த பணத்த பெட்ரோலுக்கு போட்டு மலைக்கு போங்கன்னு தான் சொல்லுவேன். களத்துல ஃபில்டர் இல்லாம எடுத்த ஓரியன்ல பக்கத்து ரன்னிங் மேன் நீலம் கூட வந்துச்சு, அது ரிஃப்ளெக்‌ஷன் நெபுலா, மாடியில நேரோபேண்ட் போட்டு எத்தன மணி நேரம் எடுத்தாலும் அந்த நீலம் வராது.

மலையிலயும் தென்மேற்குப் பக்கம் சேலம் வெளிச்சம் அடிவானத்துல எழும்பி நிக்கும். நம்ம அட்சரேகைக்கு ஈட்டா கரீனா உச்சிக்கு வந்தாலே 18 டிகிரி சொச்சம் உயரம் தான், ஒமேகா சென்டாரி 30 டிகிரி. ரெண்டும் நேர் தெக்க வர்றதுக்கு முன்னாடி, தென்கிழக்குல இருக்கும்போதே எடுக்க ஆரம்பிச்சிடுங்க, உச்சி தாண்டி மேக்க சாஞ்சா சேலம் மேல போய் நின்னுடும். ஐரோப்பாக்காரங்க பெரும்பாலானவங்களுக்கு இந்த ரெண்டும் கிடைக்கவே கிடைக்காது, நமக்கு வீட்டு வாசல்ல இருக்கு.

ஆனா அதே அட்சரேகையில தொல்லையும் இருக்கு. மவுண்ட் அச்ச நேர் பண்ண பாக்குற துருவ நட்சத்திரம் 12 டிகிரி உயரத்துல தான் இருக்கும். கன்னங்குறிச்சி மாடியில இருந்து வடக்க பாத்தா சேர்வராயன் மலையே குறுக்க நிக்குது, அதுக்கு மேல கொஞ்சம் இடத்துல புழுதி மூட்டத்துக்குள்ள மினுக் மினுக்னு தேடணும். ஈக்யூ மவுண்ட்ட 12 டிகிரிக்கு சாய்ச்சா சில மவுண்ட்ல கவுன்டர்வெயிட் கம்பி முன் கால்ல போய் இடிக்கும், ட்ரைபாட திருப்பி வெச்சு ரெண்டு காலுக்கு நடுவுல கம்பி வர்ற மாதிரி பாத்துக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே அந்த கோணத்துல சாய்ச்சுக் காட்டச் சொல்லுங்க, பத்து டிகிரிக்கு சாய்க்கத் தெரியாம முழிக்குற கடையும் இருக்கு. துருவ நட்சத்திரம் கிடைக்காத ராத்திரிக்கு ஸ்டார் நகர்றத பாத்து மவுண்ட்ட நேர் பண்ற ட்ரிஃப்ட் முறை தான் கை குடுக்கும்.

கைட் ஸ்கோப் 30 மில்லிமீட்டர் சின்னது போதும், 1300டியோட பிக்சல் 4.3 மைக்ரான், 750 மில்லிமீட்டருக்கு கணக்கு போட்டா பிக்சலுக்கு 1.2 ஆர்க்செகண்ட் கிட்ட, அந்த அளவுக்கு பிஹெச்டி2ங்கிற கைடிங் சாஃப்ட்வேர் அதுலயே சமாளிச்சுடும். குழாய் வளையத்து மேல இறுக்கமா மாட்டுங்க, ஃபைண்டர் ஷூவுல ஆடிக்கிட்டு இருந்தா கைடிங் கிராஃப் அழகா இருக்கும், ஸ்டார் மட்டும் நீளமா இருக்கும்.

பழைய கரெக்டர், பழைய ஃபில்டர் வாங்குறவங்க டார்ச்ச சாய்வா அடிச்சு லென்ஸ் ஓரத்துல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க, மலையில வெச்சிருந்த பொருள்ல இது சகஜம். நான் மலையில இருந்து இறங்கினதும் எதையும் பெட்டியில போட்டு மூடுறதில்ல, ஸ்கோப் வாய கீழ பாத்து சாய்ச்சு ஃபேன் இல்லாத ரூம்ல ஒரு நாள் காய விட்டுட்டு, கரெக்டரையும் ஃபில்டரையும் மூடி இறுக்கமான அரிசி டப்பா மாதிரி பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போட்டுடுவேன். ஜெல் நீலம் போய் ரோஸ் ஆனதும் இரும்புச் சட்டியில லேசா வறுத்தா திரும்ப நீலமாயிடும், சமையலுக்கு புழங்காத சட்டியா பாத்து வறுங்க. கண்ணாடியில தூசி தெரியுதுன்னு துணி வெச்சு துடைக்காதீங்க, கொஞ்சம் தூசி படத்துல தெரியவே தெரியாது, ஃப்ளாட் ஃப்ரேம் எடுத்தா சென்சார் தூசியும் சேந்து போயிடும். வெள்ளை பனியன் ஒன்ன ஸ்கோப் வாய்ல சுருக்கம் இல்லாம இழுத்துக் கட்டி, விடிகாலை வானத்த பாத்து ஒரு இருபது முப்பது ஃப்ரேம், ஃபோகசையும் கேமரா கோணத்தையும் தொடாம எடுக்கணும், அவ்வளவு தான்.